தோட்டத்து மாடும் வெளியிலிருந்து வரும் நோயும்

போர்டிக்சன் வட்டாரத்தில் ரப்பர் மரங்கள் நின்ற காலத்தில் லயத்துக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை என்பது சாதாரணக் காட்சி. பால்மரம் வெட்டப் போன கைகளே விடியலுக்கு முன் மாட்டையும் கறந்தன. சம்பளம் போதாத வீட்டுக்குப் பால் இரண்டாவது வருமானமாக இருந்தது. மகள் திருமணத்துக்கும் மகன் படிப்புக்கும் ஒரு கிடாரி கைகொடுத்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. லுக்குட், லிங்கி, பாசிர் பாஞ்சாங், சிலியாவ் பக்கங்களில் மாடு வளர்ப்போர் எண்ணிக்கை குறைந்தாலும், ஐந்து மாடு பத்து ஆடு என்று வைத்திருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அவர்கள் வைத்திருக்கும் மாட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. இந்தியாவிலிருந்து வந்தவர்களோடு வந்து, பல இனங்கள் கலந்து, இந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாகப் பெருகிய திமில் மாடுகளை மலேசியக் கால்நடை ஏடுகள் 'லோக்கல் இந்தியன் டெய்ரி' என்று ஒரு தனி இனமாகவே குறிக்கின்றன, சுருக்கமாக எல்ஐடி. பால் குறைவு, ஆனால் வெயிலும் உண்ணியும் இதை எளிதில் சாய்ப்பதில்லை. 1970-களில் அரசாங்கம் பால் சேகரிப்பு நிலையங்களை அமைத்துச் சிறு பண்ணையாளர்களை ஊக்குவித்தபோது ஃபிரீசியனும் சாகிவாலும் கலந்த மாடுகள் வந்தன. பால் கூடியது, கவனமும் கூடுதலாகத் தேவைப்பட்டது. இன்று பெரும்பாலான கொட்டகைகளில் நிற்பது இவ்விரண்டும் ஏதோ ஓர் அளவில் கலந்த மாடுதான்.

இப்படிப்பட்ட மாடு தானாக நோயில் விழுவது குறைவு. சிறு பண்ணையாளருக்குப் பெரிய இழப்பைத் தருபவை பெரும்பாலும் கொட்டகைக்கு வெளியிலிருந்து வருகின்றன: புதிதாக வாங்கி வந்த மாடு, மருந்தடித்த புல், மூட்டையில் வந்த தீவனம்.

வாங்கி வரும் மாடு

கால்நடை நோய் எப்படி ஊர் விட்டு ஊர் வரும் என்பதற்கு இந்த மாவட்டத்தை விடப் பெரிய சான்று நாட்டில் இல்லை. 1998-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஈப்போ வட்டாரப் பன்றிப் பண்ணைகளில் மூளைக் காய்ச்சல் தொடங்கியது. அங்கிருந்து விற்று அனுப்பப்பட்ட பன்றிகளோடு நோய் நெகிரி செம்பிலானுக்கு வந்தது. சிக்காமாட்டிலும், போர்டிக்சன் மாவட்டத்தின் சுங்கை நிப்பா, புக்கிட் பெலாண்டோக் பகுதிகளிலும் பரவியது. முதலில் அது கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று கருதப்பட்டது; கொசுப்புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள், மரணங்கள் நிற்கவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங், நோயாளி ஒருவரின் தண்டுவட நீரிலிருந்து அதுவரை அறியப்படாத ஒரு கிருமியைப் பிரித்தெடுத்தார். சுங்கை நிப்பாவின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. நாட்டில் 265 பேர் பாதிக்கப்பட்டு 105 பேர் இறந்தனர். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன.

அது பன்றிகளில் பரவிய நோய். ஆனாலும் மாடு, ஆடு வைத்திருப்போருக்கு அதில் இரண்டு செய்திகள் உண்டு. பழந்தின்னி வௌவால்களே அந்தக் கிருமியின் இயற்கை இருப்பிடம். வௌவால் கடித்துப் போட்ட பழம் பன்றிக் கொட்டகைக்குள் விழுந்ததிலிருந்து அது தொடங்கியது என்பதே ஆய்வாளர்களின் முடிவு. எனவே மாமரம், ரம்புத்தான் மரத்தடியில் தீவனத் தொட்டி வைப்பது நல்லதல்ல. இரண்டாவது செய்திதான் முக்கியம். பேராக்கிலிருந்து இங்கு நோயைக் கொண்டு வந்தது வௌவால் அல்ல, லாரி.

கோமாரியும் அப்படியே வருகிறது. கால்நடை அலுவலகத்தில் 'பென்யாக்கிட் கூக்கு டான் மூலுட்' என்று சொல்வது இதைத்தான். தீபகற்ப மலேசியாவில் இந்நோய் அவ்வப்போது தலைகாட்டிக்கொண்டே இருக்கிறது. சபா, சரவாக் மாநிலங்களில் இல்லை. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் குர்பானிக்காக மாடுகள் மாநிலம் விட்டு மாநிலம் போகும் வாரங்களில் அபாயம் கூடுகிறது. வாயில் எச்சில் நூலாக வடிவது, நாக்கிலும் குளம்புப் பிளவிலும் கொப்புளம், நொண்டல், பால் சட்டென்று குறைவது ஆகியவை அடையாளம். வளர்ந்த மாடு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும், ஆனால் அந்த ஈற்றுக்குப் பால் போனது போனதுதான். இளங்கன்று இதயம் பாதிக்கப்பட்டுத் திடீரென்று சாகும்.

2021-இல் நாட்டுக்குள் நுழைந்த தோல் கழலை நோய் இன்னொன்று. உடலெங்கும் காசளவு கட்டிகள் எழும்பும், காய்ச்சல் வரும், கால் வீங்கும். கடிக்கும் ஈ, கொசு, உண்ணி ஆகியவை இதைப் பரப்புகின்றன. ஆனால் ஒரு மாவட்டத்திலிருந்து அடுத்த மாவட்டத்துக்குத் தாவுவது பெரும்பாலும் நோயுள்ள மாட்டை ஏற்றி வருவதால்தான்.

ஆகவே புதிய மாட்டை நேரே கொட்டகைக்குள் விடக்கூடாது. கோமாரி உடலில் ஒளிந்திருக்கும் காலம் ஏறக்குறைய இரண்டு வாரம். தோல் கழலைக்கு நான்கு வாரம் வரை கணக்கிடுகிறார்கள். அதனால் 28 நாள் தனியாகக் கட்டுவது பாதுகாப்பு. தோட்டத்தில் இதற்குத் தனிக் கட்டடம் தேவையில்லை. காற்றுப் போகும் திசையில், மற்ற மாடுகளின் மூக்கு எட்டாத தூரத்தில் ஒரு கூரை போதும். தனிக் கயிறு, தனி வாளி. பழைய மாடுகளுக்குத் தண்ணீர் காட்டி, கறந்து முடித்த பிறகே புதிய மாட்டிடம் போக வேண்டும். திரும்பியதும் பூட்ஸைக் கழுவ வேண்டும்.

வாங்கும் முன் காது அட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புருசெல்லா, காசநோய்ப் பரிசோதனை முடிவையும் கேட்க வேண்டும். கன்று வீசிய மாடு என்று தெரிந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடலாம். மாநில எல்லை தாண்டி மாடு கொண்டுவரக் கால்நடை சேவைத் துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும். இரவோடு இரவாக ஏற்றி வருபவர் தரும் மலிவு விலைக்குப் பின்னால் இந்தச் சீட்டு இல்லாதது ஒரு காரணமாக இருக்கலாம்.

மருந்தடித்த புல்

செம்பனைத் தோட்டத்தில் மேயும் மாட்டுக்கு இதுதான் அன்றாட ஆபத்து. 1950-களிலும் அதற்கு முன்பும் லாலாங் புல்லை அழிக்கச் சோடியம் ஆர்சனைட் தெளித்தார்கள். அது உப்புக் கரிக்கும், மாடு தேடிப் போய் நக்கும், செத்துப் போகும். பின்னர் வந்த பாராகுவாட் பல ஆண்டுகள் புழக்கத்தில் இருந்து, 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடை செய்யப்பட்டது. இன்று அடிப்பவை பெரும்பாலும் அவற்றை விட நச்சுக் குறைந்தவை. ஆனாலும் மாட்டை உடனே மேய விடலாம் என்று அர்த்தமில்லை. மருந்துபட்டு வாடும் களைச்செடி சில நாள் வழக்கத்தை விட இனிப்பாக மாறுவதால், மாடு சாதாரணமாகத் தொடாததையும் தின்னும்.

அதனால் மண்டோரிடமோ தெளிப்புக் குத்தகைக்காரரிடமோ பேசி வைத்துக்கொள்வது மருந்துப் பெட்டியை விடப் பயன் தரும். எந்தப் பகுதியில், எந்த நாள், என்ன மருந்து என்பதை ஒரு தாளில் எழுதி வாங்கினால் போதும். மருந்து டின்னில் போட்டிருக்கும் காத்திருப்பு நாளைக் கடைப்பிடிக்க வேண்டும். அது தெரியாவிட்டால் குறைந்தது இரண்டு வாரம் அந்தப் பக்கம் மாட்டை விடாமல் இருப்பது நல்லது. தெளிப்புத் தொட்டி கழுவிய நீர் ஓடும் கால்வாயில் மாடு தண்ணீர் குடிப்பதுதான் பலர் கவனிக்காத இடம்.

பைப்புழு தாக்கிய செம்பனைக்குத் தண்டில் துளையிட்டு மருந்து செலுத்துவது உண்டு. அந்த மருந்து மட்டை வரை ஏறும். அப்படிச் செய்த மரங்களின் மட்டையை வெட்டித் தீவனமாகப் போடக்கூடாது. இவ்வகைப் பூச்சிமருந்து உடலில் சேர்ந்தால் மாடு எச்சில் ஒழுக்கும், நடுங்கும், கழியும், மூச்சு வாங்கும். கால்நடை மருத்துவரிடம் மாற்று ஊசி இருக்கிறது, ஆனால் நேரம் மணிக்கணக்கில்தான். மருந்து டின்னின் பெயர்த்தாளைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பினால் அவர் வரும்போதே தயாராக வருவார்.

யூரியாவும் கொல்லும். வேலைக்காட்டில் கிழிந்து கிடக்கும் உரமூட்டையை மாடு நக்கினால் அரை மணியிலிருந்து சில மணி நேரத்துக்குள் வயிறு உப்பி, துடித்துச் சாயும். மாடு நின்றுகொண்டு விழுங்கும் நிலையில் இருந்தால் வினிகரைக் குளிர்ந்த நீரில் கலந்து மெதுவாகப் புகட்டுவது ஏற்கப்பட்ட முதலுதவி. படுத்துவிட்ட மாட்டின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. அது நுரையீரலுக்குள் போய், நஞ்சு விட்டதை அது முடித்துவிடும்.

செடிகளில் உண்ணிச்செடியைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். மலாயில் 'பூங்கா தாஹி ஆயாம்' என்று சொல்வார்கள். புல் பஞ்சத்தில் இதைத் தின்ற மாட்டுக்கு ஈரல் கெட்டு, வெயில் பட்ட இடத்தில் தோல் வெந்து உரியும். கரையோரங்களில் நட்டிருக்கும் சிக்னல் புல் மாட்டுக்கு அவ்வளவு கெடுதல் இல்லை. செம்மறி ஆட்டுக்கு ஆகாது, முகமும் காதும் வீங்கி மஞ்சள் காமாலை காணும். மாடும் ஆடும் ஒரே புல்லில் மேய்ந்து, ஆடு மட்டும் விழுந்தால் இந்தப் புல்லைச் சந்தேகிக்கலாம்.

மேய்ச்சலுக்கு நல்ல செடிகளும் தோட்டத்தில் உண்டு. 'ரும்புட் இஸ்ராயில்' என்று நிர்வாகம் திட்டும் களையை மாடும் ஆடும் விரும்பித் தின்னும். மூடுபயிராக நடும் முக்கூனா பிராக்டியாட்டாவை மாடு பெரும்பாலும் ஒதுக்கிவிடும். செம்பனை முற்றி நிழல் விழுந்த பிறகு புல் மெலிந்துவிடும். நான்கு ஹெக்டருக்கு ஒரு மாடு என்பதே அங்கு வழக்கமான கணக்கு. அதற்கு மேல் விட்டால் மாடும் மெலியும், இளமட்டையும் போகும், நிர்வாகத்தோடு சண்டையும் வரும்.

மூட்டையில் வரும் தீவனம்

செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு, பிகேசி என்று கடையில் கேட்டு வாங்குவது, மலேசியச் சிறு பண்ணையாளருக்குக் கிடைத்திருக்கும் மலிவான சத்து. கறவை மாட்டுக்கு மொத்தத் தீவனத்தில் பாதி வரை சேர்க்கலாம். வெள்ளாட்டுக்கும் செம்மறிக்கும் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. காரணம் இதிலுள்ள செம்பு. மாடு அதைச் சமாளித்துக்கொள்ளும். செம்மறி ஆட்டின் ஈரல் அதை வெளியேற்றத் தெரியாமல் மாதக்கணக்கில் சேர்த்து வைக்கும். ஆடு கொழுகொழுவென்று இருக்கும்போதே ஒரு நாள் சிறுநீர் கறுத்து, கண் மஞ்சளாகி, இரண்டு மூன்று நாளில் செத்துவிடும். மாட்டுக்கென்று தயாரித்த தாது உப்பைச் செம்மறிக்கு வைப்பதும் இதே ஆபத்து.

பூஞ்சை பிடித்த மூட்டையை 'மாடுதானே' என்று போடக்கூடாது. அந்தப் பூஞ்சை நஞ்சின் ஒரு பகுதி பாலிலும் வரும், அதைக் குடிப்பது பிள்ளைகள். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

மாட்டுப் பொங்கலன்று நடப்பது ஒன்று. பாசத்தில் ஒரு பானைப் பொங்கலையும், வாழைப்பழத்தையும், கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றையும் மாட்டுக்கு வைத்துவிடுகிறார்கள். சோறு இரைப்பையில் வேகமாகப் புளித்து அமிலமாகும். மாடு அசைபோடுவதை நிறுத்தும், தள்ளாடும், புளித்த வாடையோடு கழியும், மறுநாள் எழாது. கை நிறைய ஓர் உருண்டை கொடுத்தால் சாமிக்கும் போதும் மாட்டுக்கும் போதும். எந்தத் தீவனத்தையும் ஒரே நாளில் மாற்றாமல் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

தண்ணீரை யாரும் தீவனமாக நினைப்பதில்லை. ஒரு லிட்டர் பாலுக்கு மூன்று நான்கு லிட்டர் தண்ணீர் மாட்டின் உடலுக்குள் போக வேண்டும். காலையும் மாலையும் ஒரு வாளி காட்டிவிட்டுப் பால் குறைந்துவிட்டது என்று சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது தொட்டியைத்தான். கலப்பு மாடு பகல் வெயிலில் தின்னாது. புல்லில் பெரும்பகுதியை மாலை ஆறு மணிக்குப் பிறகு போட்டால் தின்னும்.

மடி, கன்று, உண்ணி

மடிநோய் கறப்பவர் கையிலிருந்தும் ஈரத் தரையிலிருந்தும் வருகிறது. ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் இரண்டு பீய்ச்சலைக் கறுப்புத் துணி மீது விட்டால் திரிதிரியாக இருப்பது உடனே தெரியும். வெளியில் தெரியாத மடிநோயைக் கண்டுபிடிக்கப் பாலோடு பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து ஆட்டிப் பார்க்கலாம்; கொழகொழவென்று கட்டினால் அந்தக் காம்பில் கோளாறு. கறந்து முடித்ததும் காம்பை அயோடின் கரைசலில் முக்கி, மாடு உடனே படுக்காதபடி தீவனம் போட வேண்டும். காம்புத் துளை மூட அரை மணி நேரம் ஆகும். நோயுள்ள மாட்டைக் கடைசியில்தான் கறக்க வேண்டும்.

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரவலாக்கிய மூலிகைப் பூச்சு இங்கும் செய்யக்கூடியதே: சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, ஒரு கைப்பிடி எடுத்துத் தண்ணீரில் கரைத்து, பாலைப் பீய்ச்சிக் கழுவிய மடியில் நாளுக்கு எட்டுப் பத்து முறை ஐந்து நாள் பூச வேண்டும். தொடக்க நிலைக்கு இது உதவும். மடி கல்லாகி, மாடு காய்ச்சலில் தீவனம் எடுக்காமல் நின்றால் பூச்சோடு காத்திருக்கக்கூடாது, ஊசி வேண்டும். ஊசி போட்ட பிறகு மருத்துவர் சொல்லும் நாள் வரை அந்தப் பாலை விற்கக்கூடாது. இதை மறைத்து விற்பவர்களால் ஒரு வட்டாரத்துப் பால்காரர்கள் அத்தனை பேருக்கும் கெட்ட பெயர் வருகிறது.

கன்றுக்குச் சீம்பால் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் கிடைக்க வேண்டும். 30 கிலோ கன்றுக்கு முதல் நாளில் 3 லிட்டர். தொப்புளில் அயோடின் வைக்காவிட்டால் ஈ முட்டையிட்டுப் புழு வைக்கும்.

உண்ணி மாட்டின் மேல் இருப்பதை விடத் தரையில்தான் அதிகம். இரத்தம் குடித்து விழும் ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். எனவே மருந்து பூசுவதோடு மேய்ச்சல் இடத்தையும் மாற்ற வேண்டும். தோட்டத்துப் பூச்சிமருந்தை மாட்டின் மேல் அடிப்பது பழைய பழக்கம், விட வேண்டிய பழக்கம்.

வளர்ப்பவரின் உடல்

மெலியோய்டோசிஸ் என்னும் நோயின் கிருமி மலேசிய மண்ணிலும் சேற்றிலும் வாழ்கிறது. ஆட்டுக்கும் வரும், மனிதருக்கும் வரும். நீரிழிவு உள்ளவருக்கு அது உயிரைக் குடிக்கும் அளவுக்கு முற்றும். நம் சமூகத்தில் நீரிழிவு எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. காலில் புண்ணோடு, வெறுங்காலில், மழை நாளில் கொட்டகைச் சேற்றை மிதிப்பதுதான் அந்தக் கிருமிக்கு வேண்டிய வழி. பூட்ஸ் போடுவதும், புண்ணை மூடுவதும், விடாத காய்ச்சலுக்கு மருத்துவமனைக்குப் போகும்போது 'மாடு ஆடு வளர்க்கிறேன்' என்று மருத்துவரிடம் சொல்வதும் அவசியம். அந்த ஒரு வார்த்தை சோதனையின் திசையை மாற்றும். எலிச் சிறுநீர்க் காய்ச்சலுக்கும் இது பொருந்தும். கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுக்கக்கூடாது. பச்சைப் பாலைக் குடிக்கக் கொடுக்காமல் காய்ச்சியே கொடுக்க வேண்டும். புருசெல்லாவும் காசநோயும் அப்படி வருபவை.

போர்டிக்சன் மாவட்டக் கால்நடை அலுவலகத்தில் பண்ணையைப் பதிந்து வைத்திருப்பவருக்குக் கோமாரி, தொண்டை அடைப்பான் தடுப்பூசி பற்றிய தகவல் கிடைப்பதும், காது அட்டை வாங்குவதும் எளிது. 'பதிந்தால் மாட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்' என்ற பயத்தில் ஒதுங்கியிருப்பவர்கள் இன்னும் உண்டு. அலுவலகத்துக்குப் போகும்போது அடையாள அட்டையோடு, தோட்ட நிர்வாகமோ நில உரிமையாளரோ மேய்ச்சலுக்கு எழுத்தில் தந்த அனுமதி இருந்தால் அதையும், மாடுகளின் வயது, கடைசியாக ஊசி போட்ட தேதி எழுதிய நோட்டையும் எடுத்துப் போவது நல்லது. எழுத்தில் அனுமதி இல்லாதவர்கள், தோட்டம் கைமாறும் முன்பே அதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். புதிய உரிமையாளரிடம் முதல் பேச்சே காலி செய்யும் நோட்டீசாக இருந்தால், 28 நாளில் பத்து மாட்டுக்கு வேறு இடம் கிடைக்காது.